பொறாமைக்கு இங்கிலீஷில் இரண்டு பேர்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பேர் சாரி. ஒரு நாளைக்கு அவள் எத்தனை தடவை ‘சாரி’ சொல்கிறாள் என்று யாரோ ஒருவன் எண்ண ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குள் கணக்குத் தவறி, அலுத்துப்போய் வைத்த பேர் அது. வயதில் சின்னவர்கள் சாரி அக்கா என்றார்கள். வீட்டில் வேறு பேர் உண்டு. ஆனால் அந்தப் பேரைச் சொல்லித் தொலைபேசியில் யாராவது கேட்டால், அப்படி இங்கே யாரும் இல்லையே என்று வைத்துவிடுவார்கள்.

லிஃப்ட் செய்து, கட்டடங்களில் மாட்டி, அது நின்றுபோனால் ஆள் அனுப்பும் கம்பெனி அது. ஆள் அனுப்புவது மெக்கானிக் பிரிவு. யாருக்கு எப்போது அனுப்புவது என்று சொல்வது புகார்ப் பிரிவு. புகார்ப் பிரிவு என்று பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ஒரு ஜன்னல், கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, சாரி, அவளுடைய பக்கத்து மேசைக்காரி, அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரிக்குப் பேர் ரேடியோ. ஏன் அந்தப் பேர் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தாலே காரணம் விளங்கிவிடும்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் கடல் தாண்டி எங்கோ இருந்தது. அங்கே இருக்கிறவர்களுக்கும் படிக்க வசதியாக இருக்க வேண்டும் என்று, புகார் எல்லாம் இங்கிலீஷில் மெயிலாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். வருகிற புகாரை எப்படி எடை போடுவது என்று ஒரு அட்டையும் அனுப்பியிருந்தார்கள். சுவரில் ஒட்டிய அந்த அட்டையில் மூன்று கட்டம். பயம், கோபம், சோகம்.

புகார் எழுதியவர் பயந்திருந்தால் ஆள் உடனே போக வேண்டும். கோபத்தில் இருந்தால் சூட்டைப் பொறுத்து. ‘ஃப்யூரியஸ்’ என்று எழுதினால் அன்றைக்கே. ‘ஆங்ரி’ என்றால் மறுநாள். ‘அனாய்ட்’ என்றால் அந்த வாரத்துக்குள். சோகத்தில் இருந்தால் ஆளே கிடையாது, கடிதம் மட்டும்தான். சோகமாக இருக்கிறவருக்கு வேண்டியது ஆறுதல், ஸ்பேனர் அல்ல என்று தலைமை அலுவலகத்தில் எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்திருந்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தக் கம்பெனியில் கத்துகிற பிள்ளைக்குத்தான் பால், அழுகிற பிள்ளைக்குத் தபால்.

அட்டையில் இருந்ததோ பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் அட்டையைப் பார்த்தா எழுதுவான்? வாய்க்கு வந்ததை எழுதுவான். அந்த வார்த்தையை எந்தக் கட்டத்தில் தள்ளுவது என்பது சாரியின் பொறுப்பு. அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது, ஏனென்றால் அவள் வளர்ந்த வீடு அப்படி.

அவளுடைய அப்பாவுக்குக் கோபம் ஒரே ரகம். வந்தால் வீடு அதிரும், போனால் போன இடம் தெரியாது. அம்மாவின் கதை வேறு. அம்மா கோபம் என்ற வார்த்தையையே ஒத்துக்கொள்ள மாட்டாள். “எனக்கென்ன கோபம்?” என்பாள். அந்த ‘என்ன’வை எவ்வளவு நீட்டுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட உட்காருவார்கள். சிடுசிடுப்பு என்றால் டம்ளர் மேசையில் சத்தத்தோடு இறங்கும். கடுகடுப்பு என்றால் சத்தமே இல்லாமல் இறங்கும், அதுதான் ஆபத்து. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது ஒரு பொழுது விவகாரம். முகம் கொடுத்துப் பேசாதது அதைவிட நீளும். “உங்க இஷ்டம்” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அனாய்ட் எது, இரிடேட்டட் எது என்று சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

ஆனாலும் ஆனைக்கும் அடி சறுக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்பதாவது மாடியில் இறங்க வழியில்லாமல் இருந்த ஒரு ரிடையர்டு வாத்தியாருக்கு ஆறுதல் எழுத உட்கார்ந்தாள். பரிதாபம் என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று அகராதியைப் புரட்டினாள். ‘பதெடிக்’ என்று போட்டிருந்தது. ‘உங்கள் நிலைமையும் நீங்களும் மிகவும் பதெடிக்’ என்று மனதார எழுதி அனுப்பினாள். அந்த வார்த்தையை இங்கிலீஷ்காரன் இரக்கப்பட்டுச் சொல்வதில்லை, காறித் துப்பாத குறையாகச் சொல்கிறான் என்பது, வாத்தியார் ஒன்பது மாடியும் நடந்தே இறங்கி அலுவலகத்துக்கு வந்து விளக்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க அவர் நின்ற கோலத்தைப் பார்த்து, எப்படியோ இறங்கிட்டாரே என்று ரேடியோ மட்டும் சந்தோஷப்பட்டாள்.

இன்னொரு தடவை மேனேஜர், வேலை தாமதமானதைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்பதற்கு, ‘ஐ ஆம் ஷை’ என்று எழுதினார். வெட்கம் என்றால் ஷை தானே என்று சாரியும் தலையாட்டித்தான் அது போனது. ‘கூச்சப்பட வேண்டாம், தாராளமாகச் சொல்லுங்கள்’ என்று அங்கிருந்து அன்பாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு எந்த வார்த்தையையும் இரண்டு தடவை உரசிப் பார்க்காமல் அவள் வாங்குவதில்லை.

இப்படியே அவளுக்கு வயது முப்பத்து நாலு ஆனது. ஊரார் கோபமும் ஊரார் சோகமும் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள். உண்மை அதுவல்ல. அவளைப் பிடித்தவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை, அவளுக்குப் பிடித்த ஒருவன் வேறொருத்தியோடு மிகவும் சந்தோஷமாக இருந்தான். உலகத்தில் நடக்காததா?

அப்போதுதான் கேக்காரரின் முதல் மெயில் வந்தது.

ஏழாவது மாடியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிற மனிதர். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நோய்வாய்ப்பட்டதும் அல்ல, நலமாக இருந்ததும் அல்ல. மேலேயிருந்து இறங்கும்போது மட்டும் ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் நின்று கொஞ்சம் யோசிக்கும். மனசு வந்தால் தானாக நகரும். மூன்று அடுக்குக் கேக்கோடு உள்ளே நிற்கிறவருக்கு அந்த யோசனை நேரம் ஒரு யுகம். ‘நான் பீவ்ட் ஆக இருக்கிறேன்’ என்று எழுதியிருந்தார்.

பீவ்ட் அட்டையில் இல்லை. சாரி அதை எடுத்து, தட்டி, மோந்து பார்த்தாள். சின்னப்பிள்ளை உதட்டைப் பிதுக்குகிற மாதிரியான கோபம். கோபக் கட்டத்தின் கடைசிப் படி. அந்த வாரத்துக்குள் ஆள் போனான். ஆளுக்குப் பேர் ஆமை, மோட்டார் சைக்கிளில் போனாலும் ஆமை. அவன் எதையோ இறுக்கினான், லிஃப்ட் நாலு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி யோசிக்க ஆரம்பித்தது.

அடுத்த மெயிலில் ‘மிஃப்ட்’. அதற்கடுத்து ‘வெக்ஸ்ட்’, இரண்டும் அதே சில்லறைக் கோபம்தான். ஒரு தடவை எழுதிய வார்த்தையை அந்த மனிதர் மறுபடி எழுதவே இல்லை. மூன்று தடவை ஆமை போய்வந்த பிறகு அவருக்கே கோபம் ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது, வார்த்தைகள் மெல்லச் சோகத்தின் பக்கம் சாயத் தொடங்கின. ஒரு நாள் ‘கிரெஸ்ட்ஃபாலன்’ வந்தது. சாரி புரட்டிப் பார்த்தாள். சண்டையில் தோற்ற சேவலுக்குக் கொண்டை சாய்ந்து தொங்குமே, அந்த வருத்தம். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மாவு அப்பிய ஒரு சேவல் ஏழாவது மாடியில் தலை தொங்க உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. என்ன செய்ய, சேவலானாலும் சோகம் சோகம்தான். ஆள் இல்லை, கடிதம்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. பல்வலி என்று சாரி லீவு போட்ட நாளில் கேக்காரர் ‘அக்ரீவ்ட்’ என்று எழுதிவிட்டார். தனக்கு அநியாயம் நடந்துவிட்டது, அதைக் கேட்பார் இல்லை என்கிற மனக்குறை அது. அன்றைக்குப் பொறுப்பு ரேடியோவிடம். வார்த்தைக்கு நடுவில் ‘கிரீவ்’ இருப்பதைப் பார்த்தாள், பதறினாள், ஐயோ பாவம் யாரோ போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினாள். ‘தங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஈடுசெய்ய முடியாத இழப்பில் எங்கள் நிறுவனமும் பங்கு கொள்கிறது, மறைந்தவரின் ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று உருக்கமாக எழுதி அனுப்பிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பதில் வந்திருந்தது. ‘மறைந்தவர் ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில்தான் இருக்கிறார். இன்னும் மூச்சு இருக்கிறது. விளக்கும் அவ்வப்போது எரிகிறது. உங்கள் இரங்கலைக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிவித்துவிட்டேன், இரண்டாவது மாடி அம்மாள் மட்டும் அழுதார்.’

வீங்கிய கன்னத்தோடு சாரி சிரித்தாள். வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் அல்லவா? கம்பெனியில் அதற்கும் ஒரு கணக்கு. ‘ரிக்ரெட்’ என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், நடந்ததற்கு வருந்துகிறோம், ஆனால் எங்கள் தப்பு அல்ல என்று அர்த்தம். ‘சாரி’ அதைவிட ஒரு படி நெருக்கம். ‘அபாலஜைஸ்’ எழுத வேண்டுமானால் மேனேஜர் கையெழுத்து வேண்டும், தப்பு எங்கள் தலையில் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சாரி யார் கையெழுத்தையும் கேட்கவில்லை. ‘ஐ அபாலஜைஸ்’ என்று எழுதினாள். அதோடு நிற்காமல், கிரெஸ்ட்ஃபாலன் என்ற வார்த்தைக்காகத் தனியாக ஒரு நன்றியும் சொன்னாள். 

அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு மெயில். அவர் ஒரு துக்க வார்த்தையை அனுப்புவார். ‘டிஸ்மே’, ‘டிஜெக்டட்’, ‘ஃபார்லார்ன்’. இவள் அதை எடை போட்டு, எந்தக் கட்டம், ஏன் அந்தக் கட்டம் என்று இரண்டு வரி விளக்கம் எழுதுவாள். அவர் பழைய புத்தகக் கடையில் ஒரு அகராதி வாங்கியிருந்தார். கேக் அடுப்பில் இருக்கிற நேரத்தில் அதைப் படிக்கிறாராம். பழகின வார்த்தைக்குப் பழகின பதில்தான் வரும் என்பது அவர் கட்சி. ஒரு நாள் ‘டிஸ்கன்ஸலேட்’ என்ற வார்த்தையில் மூழ்கி ஒரு கேக்கைக் கரியாக்கிவிட்டதாக எழுதினார். ஆறுதல் சொல்ல முடியாத துயரம் என்று அதற்கு அர்த்தம், கரிந்த பிறகு அனுபவமாகவே புரிந்தது என்றார்.

சாரிக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் படி ஏறும்போது ஒரு படி விட்டு ஒரு படி ஏறினாள். ‘உங்கள் லிஃப்ட் ஒரு குப்பைத்தொட்டி’ என்று எழுதியவருக்குக்கூட வாஞ்சையோடு பதில் போட்டாள். ரேடியோ சும்மா இருப்பாளா? வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

“என்ன, கேக்காரர் இன்னும் எதுவும் கேக்கலியா?”

“அவர் என்ன கேக்கணும்?”

“அதான் நானும் கேக்கறேன், என்ன கேக்கணும்?”

மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே, அது சாரியைக் குத்தியது. அந்த மனிதர் சோக வார்த்தையாக எழுதிக்கொண்டே இருந்தால் ஆமை அந்தப் பக்கம் போகவே மாட்டான். ஆகையால் கம்பெனி ரகசியத்தை அவளே உடைத்தாள். ‘பயம், கோபம், சோகம் என்று மூன்று கட்டம் இருக்கிறது. சோகத்துக்கு ஆள் வராது, கடிதம்தான் வரும். தயவுசெய்து ஃப்யூரியஸ் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், அன்றைக்கே ஆள் வருவான்’ என்று எழுதினாள்.

பதில் இரவே வந்திருந்தது. ‘சொன்னதற்கு நன்றி. கோபம் என்று எழுதினால் மெக்கானிக் வருவார். சோகம் என்று எழுதினால் உங்கள் கடிதம் வரும். கட்டடத்தில் யாருக்கும் அவசரம் இல்லை, கேட்டுவிட்டேன்.’

சாரி அதை எத்தனை தடவை படித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. தலைகால் புரியவில்லை. ஆனால் இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? விளையாட்டுக்குச் சொன்னதா, வினையாகச் சொன்னதா? எல்லார் மனசையும் ஒரு வார்த்தையில் எடை போடுகிறவளுக்கு இந்த ஒரு மனிதர் விஷயத்தில் மட்டும் தராசு ஆடிக்கொண்டே இருந்தது.

இந்த நேரம் பார்த்து அவளுடைய அத்தை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, கீழ் வீட்டில் குடியிருக்கிறவள், எடுத்த காரியத்தை முடிக்காமல் விட மாட்டாள். மாப்பிள்ளை மருந்துக்கடைக்காரர். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். வந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், வேலை எப்படி என்று கேட்டார். சாரி விளக்கத் தொடங்கினாள். “கோபம்னா கோபம், வருத்தம்னா வருத்தம், அதுக்கு எதுக்குங்க இத்தனை வார்த்தை?” என்று நியாயமாகவே கேட்டார். 

“சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதில் சொல்றதா ஒத்துக்கிட்டு வந்திருக்கேன்,” என்றாள் அத்தை. “உனக்குப் பிடிக்கலேன்னா காரணம் சொல்லு. காரணம் இல்லேன்னா சரின்னு சொல்லு.”

 “உன் இஷ்டம்” என்றாள் அம்மா. எந்த ரகம் என்று சாரி காதைத் தீட்டிக் கேட்டாள். அது கோபத்து இஷ்டம் அல்ல, நிஜமாகவே இஷ்டம். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அம்மா கோபித்துக்கொண்டிருந்தால் எதிர்த்து நின்றாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

காரணம் இருக்கிறதா இல்லையா என்பதுதானே அவளுக்கே தெரியவில்லை. ஏழாவது மாடியில் இருக்கிற, பார்த்தே இராத ஒரு மனிதரின் வார்த்தைகளைக் காரணம் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது? ஒரு தடவையாவது அவர் நேராகச் சொல்லியிருந்தால் சொல்லலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கேக்காரருக்கு எழுதினாள். ‘இனி என் பதில்கள் தாமதமாகலாம், ஒருவேளை வராமலும் போகலாம். வீட்டில் எனக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கிறார். நாளை மாலை பதில் சொல்ல வேண்டும்.’ எழுதிவிட்டு, இதை எதற்கு ஒரு வாடிக்கையாளருக்கு எழுதுகிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, திட்டி முடிப்பதற்குள் அனுப்பியும் விட்டாள்.

சனிக்கிழமை காலை மெயிலைத் திறந்தாள். லிஃப்டைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. ஒரே வரி. ‘ஐ ஆம் ஜெலஸ்.’

ரேடியோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “பொறாமையாம். முடிஞ்சுது போ, கேட்டுட்டார்.”

“இல்லடி. அது முடியல.”

“இன்னும் என்ன?”

“பொறாமைக்கு இங்கிலீஷ்ல ரெண்டு பேரு. ஜெலஸ் ஒண்ணு, என்வியஸ் ஒண்ணு. ஊர்ல எல்லாரும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தித்தான் எழுதறாங்க. இவரு தெரிஞ்சு எழுதினாரா தெரியாம எழுதினாரா?”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“என்வியஸ்னா, அந்த மருந்துக்கடைக்காரர் குடுத்துவச்சவர், எனக்கு அந்த மாதிரி எதுவும் அமையலியேன்னு ஒரு ஏக்கம். வாழ்த்து சொல்லிட்டுப் போற ஏக்கம். ஜெலஸ்னா…” சாரி நிறுத்தினாள். முகம் சூடாகிவிட்டது. “ஜெலஸ்னா தன்னோடதைப் பறிச்சுக்கிட்டுப் போறாங்களேன்னு பதறறது.”

 ரேடியோ மேசையிலிருந்து சாரியின் கைப்பையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். “நேர்ல போய்க் கேளு. மெயில் போட்டா ராத்திரிதான் பாப்பாரு, ஆறு மணிக்கு உங்க அத்தை விட மாட்டாங்க. மேனேஜர் கேட்டா உனக்குப் பல்வலின்னு சொல்லிக்கறேன்.”

“மறுபடியுமா?”

“பல்லு என்ன ஒண்ணா ரெண்டா?”

அரை நாள் லீவில் கிளம்பினாள். கட்டடத்தைக் கண்டுபிடித்து, லிஃப்டின் வாசலில் நின்று, அதன் பூர்வோத்தரம் முழுவதும் தெரிந்தவள் ஆகையால் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியில் ஏறினாள். ஏழாவது மாடியில் நிற்கும்போது கேட்க வந்த கேள்வி மறந்துபோய் மூச்சு மட்டும்தான் இருந்தது. வெண்ணிலா வாசனை வந்த கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் நாற்பது வயதுக்காரர், காது நுனியில் மாவு. கையில் பெரிய தட்டு, தட்டில் மூன்று அடுக்குக் கேக்.

“லிஃப்ட் கம்பெனிலேருந்து வர்றேன்.”

“மெக்கானிக்கா?”

“இல்லைங்க. சாரி.”

“பரவால்லைங்க, அவர் மெதுவா வரட்டும்.”

“அதில்லைங்க. நான்தான் சாரி.”

“நீங்க எதுக்குங்க சாரி சொல்லணும்? அங்க லெட்டர் எழுதறவங்க ஒருத்தங்க இருக்காங்க, அவங்களே நிறையச்…” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாரி பாய்ந்து தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் அதை விடவில்லை, யார் முதலில் விடுவது என்று தெரியாததால்.

“இதைக் கீழ ஒரு கடையில குடுக்கணும்,” என்றார் அவர். “பேசிட்டே போலாமா?”

இரண்டு பக்கமும் தட்டைப் பிடித்தபடி லிஃப்டில் நுழைந்தார்கள். ஏழு, ஆறு, ஐந்து. ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது.

“பயப்படாதீங்க. கொஞ்ச நேரத்துல தானா நகரும். சில சமயம் நகராது.”

“ஒரு சந்தேகம் கேக்கணும்,” என்றாள் சாரி. கேக்குக்கு மேலே அவருடைய கண் மட்டும்தான் தெரிந்தது. “ஜெலஸ்னு எழுதியிருந்தீங்க. வேணும்னேதான் எழுதினீங்களா? இல்ல என்வியஸ்னு எழுதப் போய் அப்படி எழுதிட்டீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானேங்க. அகராதியில ரெண்டுக்கும் பொறாமைன்னுதான் போட்டிருக்கு.”

ஏழு மாடி ஏறிய களைப்பு மொத்தமும் அப்போதுதான் சாரியின் காலில் இறங்கியது. தெரியாமல்தான் எழுதியிருக்கிறார். இவள்தான் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் தாண்டி ஓடி வந்திருக்கிறாள். அழுகை வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பழக்க தோஷம், விளக்கம்தான் வந்தது.

“ஒண்ணு இல்லைங்க. அடுத்த வீட்டு மேசையில ஒரு கேக் இருக்கு. அது மாதிரி நமக்கும் ஒண்ணு இருந்தா நல்லாருக்குமேன்னு தோணினா, அது என்வியஸ். நம்ம கையில இருக்கற கேக்கை வேற யாரோ தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு வயிறு எரிஞ்சா, அது ஜெலஸ்.”

அவர் தட்டைப் பார்த்தார். யோசித்தார். அந்த லிஃப்டில் இருந்து இருந்து அவருக்கும் நின்று யோசிக்கிற குணம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் இறக்கிப் பிடிங்க, சாயுது,” என்றார். பிறகு, “அப்ப நான் எழுதினது சரிதாங்க,” என்றார்.

சாரி தட்டின் தன் பக்கத்தை நேராக்கினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எரியறதுக்கு எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல. ஆனா எரிஞ்சது நீங்க சொன்ன ரெண்டாவது மாதிரிதான். நீங்க சரின்னா அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும். இல்லேன்னா சொல்லுங்க, என்வியஸ்னு திருத்தி இன்னொரு மெயில் அனுப்பிடறேன்.”

 கை இரண்டும் தட்டில் இருந்ததால், சாரி முழங்கையால் சுவரில் இருந்த மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவசரத்துக்கு, மெயில் இல்லாமலே, புகார்ப் பிரிவைக் கூப்பிடுகிற பொத்தான் அது. கேக்காரரின் முகம் வாடிப்போனது. வெளியே போக அவசரப்படுகிறாள், அதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

சுவருக்குள்ளிருந்து ரேடியோவின் குரல் வந்தது. “புகார்ப் பிரிவு, சொல்லுங்க.”

“நான்தான்டி. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்.”

“அடிப்பாவி. உங்க அத்தை ரெண்டு தரம் ஃபோன் பண்ணிட்டாங்க. அவரைப் பாத்தியா, கேட்டியா? கேக்காரர் என்னதான் சொல்றாரு?”

சாரி கேக்குக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தாள். “பக்கத்துலதான் இருக்காரு. அத்தை மறுபடி கூப்பிட்டா, மருந்துக்கடைக்காரருக்கு ரிக்ரெட் சொல்லிடச் சொல்லு. சாரி கிடையாது.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ரேடியோ எழுந்து நின்றுவிட்டாள் போல. ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் அவளும் வேலைக்காரிதான்.

“சரி, நான் புகாரைப் பதியணும். பயமா இருக்கா? பயம்னு போட்டா ஆமை உடனே கிளம்பிடுவான்.”

“பயம் இல்ல.”

“அப்ப கோபமா? ஃப்யூரியஸ்னு போடட்டா?”

“கோபமும் இல்ல.”

“ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலையேன். காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது.”

“டிஸப்பாயின்டட்னு போடு,” என்றாள் சாரி.

“உனக்கென்ன பைத்தியமா? அது சோகம்டி. அதுக்கு ஆள் வரமாட்டான், லெட்டர்தான் வரும்.”

“தெரியும்.”

கேக்காரருக்கும் தெரியும். தட்டை மெல்ல இறக்கி, அவள் பக்கத்துக் கையையும் சேர்த்து இறக்கி, கேக்கைத் தரையில் வைத்தார்.